யூரோப்பாவின் பனிக்கடியில் நாசா ரோபோ ஓடுகிறதா?

வெள்ளைப் பனிக்கூரையில் தலைகீழாக உருண்டோடும் இரண்டு சக்கர ரோபோ ஒன்றின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில், பனிக்கடியில் நாசா எடுத்த படம் என்கிறார்கள். இல்லை.

ரோபோ உண்மையானது. பெயர் ப்ரூயி, சுமார் ஒரு மீட்டர் நீளம். ஆனால் அது ஓடியதெல்லாம் பூமியில்தான். 2012-ல் அலாஸ்காவின் பாரோ அருகே உறைந்த ஏரியில் துளை போட்டு இறக்கினார்கள். கலிபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டே செயற்கைக்கோள் வழியாக அதை ஓட்டினார்கள். 2019-ல் அண்டார்டிகாவில், ஆஸ்திரேலியாவின் கேசி நிலையம் அருகே சோதனை நடந்தது.

தலைகீழாக ஓடுவதைப் பார்த்துத்தான் பலர் ‘ஈர்ப்பு விசை இல்லாத இடம்’ என்று நினைத்திருக்க வேண்டும். (யூரோப்பாவிலும் ஈர்ப்பு உண்டு, அது வேறு கதை.) விஷயம் எளிது: ரோபோ தண்ணீரில் மிதக்கும்படி செய்யப்பட்டது. மிதப்பு விசை அதை மேலே தள்ளி, பனியின் அடிப்பரப்போடு ஒட்டவைக்கிறது. சக்கரங்கள் அங்கே உருள்கின்றன. நீந்தும் ரோபோ ஒரே இடத்தில் நிற்கவே மோட்டார் ஓட்ட வேண்டும். இது மோட்டாரை அணைத்துவிட்டுச் சும்மா நிற்கும், பேட்டரி மிச்சம்.

சரி, யூரோப்பாவுக்கு எதுவுமே போகவில்லையா? 2024 அக்டோபரில் நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் கிளம்பியது. 2030-ல்தான் வியாழனை அடையும். அதுவும் தரையிறங்காது, அருகே பறந்து ஆய்வு செய்யும். அங்கே பனியின் தடிமன் பல கிலோமீட்டர் என்று கணிக்கிறார்கள். அதைத் துளைத்து ரோபோ இறக்கும் பயணம் எதுவும் இன்னும் கிளம்பவில்லை.