ஸ்டூலில் உட்கார்ந்த நீதிபதி

நீதிமன்றத்தை நிர்வகிக்கும் நீதிபதிகளுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முப்பது ஆண்டுகள் நீதிமன்ற ஊழியனாக இருந்தவன் நான், மறுக்கவில்லை. முதன்மை மாவட்ட நீதிபதியாக வருபவருக்குத் தீர்ப்பு எழுதுவது பழகிய வேலை. சிரஸ்தார், பெஞ்ச் கிளார்க், அமீனா என்று ஓர் ஊழியர் பட்டாளத்தைக் கட்டி மேய்ப்பது புது வேலை.

நான் இருந்த ஊருக்கு அப்படி ஒரு நீதிபதி வந்தார். அறிவுரை எதுவும் இல்லை. காலை ஒன்பதே முக்காலுக்கு, தீர்ப்பு நகல் கேட்டு வரும் மனுக்களைக் கவனிக்கும் நகல் பிரிவுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். எந்த மனு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று பதிவேட்டில் விரல் வைத்துப் பார்ப்பார். "ஆள் போதவில்லையா, ஜெராக்ஸ் ஓடவில்லையா?" என்றார் ஒருநாள். ஜெராக்ஸ்தான். டோனர் வாங்கும் கோப்பு மூன்று மேசைகளில் தூங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலையே கையெழுத்தானது. அடுத்து வந்தவர் பெரிய சட்ட அறிவாளி. எங்களைத் திட்டுவதுதான் நிர்வாகம் என்று நினைத்தார்; மனுக்கள் பழையபடி குவிந்தன.

13ஆவது நிதிக் குழு (2010–15) பணம் ஒதுக்கியதால் நிர்வாகத்தில் நீதிபதிகளுக்கு உதவ எம்பிஏ படித்த நீதிமன்ற மேலாளர்கள் வந்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அவர்களைப் பணி நிரந்தரம் செய்யும்படி 2018இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 மே மாதம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. போபாலில் நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் தேசிய நீதித்துறை அகாடமி இருக்கிறது. அங்கே நிர்வாக வகுப்பு நடக்கும்போது, ஒரு நாளாவது நகல் பிரிவு எழுத்தர் ஒருவரைப் பேச அழைப்பார்களா?