ஹோங் லிம் பூங்காவில் துணைக்கும் இடம் வேண்டும்

சிங்கப்பூரின் ஹோங் லிம் பூங்காவில் ஒருபால் ஈர்ப்பினர், திருநர் போன்ற பால்புதுமையினருக்காக நடக்கும் பிங்க் டாட் கொண்டாட்டத்துக்கு வருகிறவரின் துணை எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் சரி, அந்தப் புல்தரையில் அவர் பக்கத்தில் உட்கார விட வேண்டும். இதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்குப் பின்னணி. 2009 மே 16 அன்று ஹோங் லிம் பூங்காவில் சுமார் 2,500 பேர் கூடினார்கள். பால்புதுமையினர், அவர்களுடைய அம்மா அப்பா, நண்பர்கள் எல்லாரும் மேலிருந்து படம் எடுத்தால் ஒரே இளஞ்சிவப்புப் புள்ளியாகத் தெரியும்படி நெருங்கி நின்றார்கள். நம் கொடியின் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் வரும் நிறம் அது. குடிமக்களின் அடையாள அட்டைக்கும் அதே நிறம்தான். ஆண்டுதோறும் கூட்டம் பெருகி 2015இல் 28,000 பேர் வந்ததாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். பூங்கா ஒரு ஹெக்டர்கூடக் கிடையாது. கால் வைக்க இடமிருந்திருக்காது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

"கொண்டாடட்டும், யார் வேண்டாம் என்றது? ஒரு மண்டபம் பிடித்துச் செய்யலாமே?" என்று எங்கள் குடும்பத்திலேயே கேட்பார்கள். மண்டபத்துக்குக் கதவு இருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே போக, தான் யார் என்று முதலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். பூங்காவில் அப்படி இல்லை. வீட்டில் இன்னும் வாய் திறக்காத ஒரு பையன் கிளார்க் கீ ரயில் நிலையத்திலிருந்து சும்மா நடந்து வருகிறவன் மாதிரி வரலாம், ஓரமாக நின்று பார்க்கலாம், பிடிக்காவிட்டால் போய்விடலாம். ஒரு முறை எனக்கு அடுத்த பாயில் ஒரு தமிழ் அம்மா உட்கார்ந்திருந்தார். பருத்திப் புடவை, டிபன் டப்பாவில் சுண்டல். மகனும் அவனுடைய காதலனும் இரண்டு பக்கமும். யாரிடமும் எதையும் நிரூபிக்க வந்தவர் போல இல்லை. தெரியாத பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சுண்டல் கொடுத்துக்கொண்டே இருந்தார். அன்று மேடையில் என்ன நடந்தது என்பது எனக்கு மறந்துவிட்டது. அந்த அம்மா மறக்கவில்லை. மண்டபமாக இருந்தால் அவர் வந்திருப்பாரா என்று தெரியவில்லை.

அந்த இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1876இல் சியாங் ஹோங் லிம் என்ற வணிகர் பொதுத் தோட்டம் அமைக்கப் பணம் கொடுத்தார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1950களில் அங்கே தேர்தல் கூட்டங்கள் நடந்தன. 2000 செப்டம்பரில், குடிமக்கள் பொதுவில் பேசுவதற்கென்று ஒதுக்கிய பேச்சாளர் முனை அங்கே வந்தது. 2008இல் விதிகளைத் தளர்த்தி, குடிமக்கள் காவல்துறை உரிமம் இல்லாமல், பூங்கா அதிகாரிகளிடம் பதிவு செய்துகொண்டு கூட்டம் நடத்தலாம் என்று ஆக்கினார்கள். இனத்தையும் சமயத்தையும் தொடக்கூடாது. நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் பேசலாம், தமிழும் அதில் உண்டு. இந்தக் கதவு திறந்த அடுத்த ஆண்டே பிங்க் டாட் தொடங்கியது.

அப்புறம் விதிகள் இறுகின. 2016இல், வெளிநாட்டு நிறுவனங்கள் இதற்கு நிதி கொடுக்கக்கூடாது என்று உள்துறை அமைச்சு சொன்னது. மறு ஆண்டு உள்ளூர் நிறுவனங்கள் நூற்றுக்கும் மேல் முன்வந்து அந்த இடத்தை நிரப்பின. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அதே 2017இல் இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை வெளிநாட்டவர் கலந்துகொள்ளக்கூடாது, பார்க்கலாம். புதிய சட்டத்தில் அந்த வேறுபாடு போய்விட்டது, பார்க்க வருவதும் கலந்துகொள்வதாகவே ஆகிவிட்டது. பூங்காவைச் சுற்றித் தடுப்பு வைத்து, அடையாள அட்டை பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள்.

என் சித்தி மகளின் துணை திருச்சிக்காரி, இங்கே வேலை அனுமதியில் இருக்கிறாள். தடுப்பு வரைக்கும் சேர்ந்துதான் வந்தார்கள். இவளிடம் இளஞ்சிவப்பு அட்டை, அவளிடம் பச்சை நிறத்தில் வேலை அட்டை. வாசலில் நின்ற தொண்டூழியர் அதைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சிடுங்க அக்கா" என்று தமிழிலேயே சொன்னார். கையில் இருந்த பாயை இவளிடம் கொடுத்துவிட்டு அவள் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். சேர்ந்து இருப்பதைக் கொண்டாட வந்த இருவர், இடையில் ஒரு சாலை.

உள்நாட்டு அரசியலில் வெளியார் தலையிடக்கூடாது என்பது அரசின் வாதம். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். சின்ன நாடு, பல இனம், கவனமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பணம் கொடுப்பதும் பக்கத்தில் உட்காருவதும் ஒன்றா? இங்கே வாடகை கட்டி, இங்கே வரி கட்டி, நம் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் ஒரு செவிலியர் பாயில் உட்கார்ந்தால் எந்த அரசியல் கெட்டுவிடும்?

ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப் பிரிவு போய்விட்டதே, இனி என்ன கூட்டம் என்றும் கேட்கிறார்கள். ஆமாம், 1938இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அந்தப் பிரிவை நாடாளுமன்றம் 2022 நவம்பர் 29 அன்று நீக்கியது. மிகப் பெரிய விஷயம். அதே நாளில், திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்ற வரையறையை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அரசியலமைப்பையும் திருத்தினார்கள். ஆகவே திருச்சிக்காரிக்கு வாழ்க்கைத் துணை என்ற முறையில் இங்கே தங்க வழி கிடையாது. வேலை போனால் ஊருக்குத்தான். யாருக்கு இந்தக் கொண்டாட்டம் அதிகம் தேவையோ, அவரைத்தான் வெளியே நிறுத்துகிறோம்.

பெரிய புரட்சி எதுவும் கேட்கவில்லை. 2017க்கு முன் இருந்த வேறுபாட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஏற்பாடு, மேடை, நிதி எல்லாம் சிங்கப்பூரர் கையிலேயே இருக்கட்டும், பார்க்க வருகிறவர் பார்க்கட்டும். 2022இல் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டிலிருந்தும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்தப் புல்தரைக்கு வந்தார்கள். அவர்களிடம் பேச முடியும். நான் என் தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினர் நடத்தும் மக்கள் சந்திப்புக்குப் போய் இதைக் கேட்கப் போகிறேன். இளஞ்சிவப்பு அட்டை வைத்திருக்கும் நீங்களும் உங்கள் தொகுதியில் கேளுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழிலேயே கேளுங்கள், மொழிபெயர்க்க ஆள் இருப்பார்கள்.