சொந்த ஊர் அருவங்காடு

போன வாரம் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொந்த ஊர் எது என்று கேட்டார். அருவங்காடு என்றேன். "அது உங்கப்பா வேலை பார்த்த இடம் தம்பி, நான் சொந்த ஊரைக் கேட்டேன்" என்றார். சரி என்று அப்பா பிறந்த ஊரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஊர்க் கோயில், குளம், நீ யார் வீட்டுப் பேரன் என்று பேச்சு நீண்டது. மரியாதைக்குப் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை.

அப்பா பிறந்த ஊரில் நான் மொத்தமாகச் சேர்த்தால் ஒரு வருஷம் இருந்திருப்பேன், அதுவும் பரீட்சை லீவுக்குப் போய் இருந்த நாட்கள். அங்கே எங்களுக்கு "ஊட்டிக்காரப் பசங்க" என்று பெயர். அருவங்காட்டில் நான் "தின்னவேலிக்காரர் மகன்". இரண்டு இடத்திலும் அடுத்த ஊர்க்காரனாகவே வளர்ந்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் வலிக்கும்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், வெலிங்டன் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் அருவங்காடு. அதற்கடுத்து கேத்தி. ஜன்னலோரம் இருப்பவர்கள் கேத்திப் பள்ளத்தாக்கை எதிர்பார்த்துக் கேமராவோடு காத்திருப்பார்கள். நடுவில் வரும் தொழிற்சாலை மதிலையும் வரிசை வரிசையான குவார்ட்டர்ஸ் வீடுகளையும் யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் அந்த ரயில் பாதையைவிட எங்கள் தொழிற்சாலை மூத்தது. 1899-ல் குன்னூர் வரை வந்த ரயில் அங்கேயே நின்றுவிட்டது, ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தது 1908-ல்தான். இடைப்பட்ட அந்த வருஷங்களிலேயே அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை எழும்பிவிட்டது. அதை ஓட்டக் காட்டேரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். சமவெளியில் பெரும்பாலான ஊர்கள் விளக்கெண்ணெயிலும் மண்ணெண்ணெயிலும் இருந்த காலம் அது.

கார்டைட் என்றால் என்னவென்று இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. துப்பாக்கிக் குண்டையும் பீரங்கிக் குண்டையும் உந்தித் தள்ளுகிற, புகை அதிகம் விடாத வெடிமருந்து. நைட்ரோகிளிசரின், பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து எடுக்கும் துப்பாக்கிப் பஞ்சு, கொஞ்சம் வாசலின் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் பிழிவது மாதிரி இழை இழையாகப் பிழிந்து எடுப்பார்கள். கயிறு போல இருப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது.

தொழிற்சாலைக்கும் முன்னால் இங்கே மனிதர்கள் இருந்தார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மேலே இருக்கும் ஜெகதளா, நீலகிரியின் படுகர் ஜனங்களின் ஊர். பக்கத்து வெலிங்டனையே ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்கள் ஜக்கதளா என்றுதான் அழைத்தார்கள். பிறகு ஒரு பிரபுவின் பெயர் வந்தது, ஹட்டியின், அதாவது படுகர் ஊரின், பெயர் அந்த இடத்தைவிட்டுப் போனது. மார்கழியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்தி, வெறுங்காலோடு அந்த ஜனங்கள் போவதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு இது ஞாபகம் வரும். நாங்கள் வந்து குடியேறியவர்கள். எங்களுக்கு இடம் விட்டவர்கள் அவர்கள். இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்ல வேண்டும்.

அப்பா 1962-ல் வேலைக்குச் சேர்ந்தார், சீனப் போர் நடந்த வருஷம். எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் இந்தப் பக்கம் பாலக்காட்டுக் குடும்பம், அந்தப் பக்கம் சேலம், எதிரே தெலுங்கு பேசுகிறவர்கள், கடைசி வீட்டில் ஒரு ஆங்கிலோ இந்திய போர்மேன். பால் கொண்டுவருவது ஜெகதளாவிலிருந்து ஒரு பாட்டி. அவரை நாங்கள் எல்லோரும் ஹெத்தெ என்றுதான் கூப்பிடுவோம். படுகு மொழியில் பாட்டிக்கு அதுதான் சொல். அவர் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் கொண்டுவந்து தரும் எண்ணெ ஹிட்டு என்கிற பலகாரத்துக்கு நாங்கள் சண்டை போட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஓணத்துக்குச் சேச்சி வீட்டு வாசலில் பூக்களம் போட, நாங்கள் விடியற்காலைக் குளிரில் விரல் விறைக்க வேலியோரப் பூவெல்லாம் பறித்துக்கொண்டு வருவோம். கிறிஸ்துமஸுக்குக் கடைசி வீட்டிலிருந்து கேக். பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பானை. இதை மத நல்லிணக்கம் என்று பெரிய பெயர் வைத்து அப்போது யாரும் சொன்னதில்லை. தட்டு வெறும் தட்டாகத் திரும்பக் கூடாது, அவ்வளவுதான் அம்மாவின் கணக்கு.

பண்டிகை எல்லா ஊரிலும் இருக்கிறது. எங்கள் ஊரை எங்கள் ஊராக ஆக்கியது அந்த வெடிமருந்துதான் என்று நினைக்கிறேன்.

நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போனால் ரத்தக் குழாய்கள் விரியும், தலை பிளக்கும். உலகத்தில் எங்கே இந்த மருந்தோடு வேலை செய்தாலும் இதுதான். வாரம் முழுக்க உடம்பு பழகிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் விட்டால் பழக்கம் போய்விடும், திங்கட்கிழமை தலைவலி திரும்ப வரும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லும் மாத்திரையிலும் இதே பொருள்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த விஞ்ஞானமெல்லாம் தெரியாது. திங்கட்கிழமை சாயங்காலம் லைனில் பந்து விளையாடக் கூடாது, அது மட்டும் தெரியும். எந்த வீட்டு அப்பா படுத்திருக்கிறார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் சாத்தியிருந்தால் சத்தம் தானாகக் குறைந்துவிடும்.

அதே மாதிரி, தொழிற்சாலைச் சங்கு ஊதாத நேரத்தில் ஏதாவது பெரிய சத்தம் கேட்டால், பாறைக்கு வெடி வைத்த சத்தமாகவே இருந்தாலும், எல்லா வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். கையில் கரண்டியோடு, ஈரக் கையோடு. யாரும் பேச மாட்டார்கள். எல்லோரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள். அந்த நிமிஷத்தில் சேலம் பாலக்காடு என்றெல்லாம் எதுவும் கிடையாது. அப்படி ஒன்றாக நின்ற ஜனங்களை "வேலைக்காகக் கூடிய கூட்டம்" என்று சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. உள்ளே தீப்பெட்டி, பீடி, சிகரெட் எதுவும் கொண்டுபோகக் கூடாது. அதனால் கடைச் சுவரில் ஒரு நீளப் பலகை அடித்திருந்தார்கள். காலையில் போகிறவர்கள் தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் அதில் வைத்துவிட்டுப் போவார்கள். ஐம்பது அறுபது பெட்டி இருக்கும், எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டி. பெயர் எழுதியிருக்காது. ஆனால் எது யாருடையது என்று கடைக்காரருக்குத் தெரியும், வைத்தவருக்கும் தெரியும். ஒருவர் பெட்டியை இன்னொருவர் எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்பாவுடையது இடது ஓரத்திலிருந்து நாலாவது.

1996-ல் 58 வயதில் அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அது விதி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முப்பத்து நாலு வருஷம் இருந்தவர், சாவியைக் கொடுக்கப் போகும் முன் வாசலில் தான் வைத்த பேரிக்காய் மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சொந்த ஊருக்கே போய்விடலாம் என்று சித்தப்பா கூப்பிட்டார். அப்பா போகவில்லை. சேமிப்பை எல்லாம் போட்டு ஜெகதளா ரோட்டில் ஒரு சின்ன வீடு கட்டினார். எங்கள் லைனிலிருந்து இன்னும் நாலு குடும்பம் அதே பக்கம் வந்தது. மதிலுக்கு வெளியே, சங்குச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில். ஒரு இடம் வெறும் பிழைக்க வந்த இடம் என்றால், பிழைப்பு முடிந்த பிறகும் எதற்காக அங்கேயே வீடு கட்டுவார்கள்?

2021 அக்டோபரில் நாட்டின் ஆயுதத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது எங்களுடையது முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டுக்குக் கீழ் போனது. பெயர்ப்பலகை மாறியது. அதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் பேசட்டும். என் கவலை வேறு. நீலகிரியின் பாரம்பரியம் என்றால் ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் சல்லிவன், பங்களாக்கள், 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ரயில் என்றுதான் எழுதுகிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் இந்தக் குவார்ட்டர்ஸில் நூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்த ஜனங்களின் கதை எந்தப் புகைப்படக் கண்காட்சியிலும் என் கண்ணில் பட்டதில்லை. அப்பா காலத்து ஆட்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். இருப்பவர்களிடம் பிள்ளைகள் உட்கார்ந்து கேளுங்கள், பழைய படங்களைத் தேடி எடுங்கள். பின்னால் தெரியும் வீட்டு நம்பரையும் சேர்த்து எழுதி வையுங்கள், அது முக்கியம்.

போன மாசம் அந்த டீக்கடைக்குப் போனேன். இப்போது மகன் பார்க்கிறார். பலகை அதே பலகை. தீப்பெட்டி ஒன்றிரண்டுதான் இருந்தது, மீதியெல்லாம் செல்போன். உள்ளே அதையும் கொண்டுபோக முடியாதே. டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போது அதில் ஒன்று அடித்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். "உள்ள வேலைல இருக்காரும்மா. அஞ்சு மணிக்கு வெளிய வந்ததும் பேசச் சொல்றேன். புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு, போனை எடுத்த இடத்திலேயே வைத்தார்.