மொட்லராய்ட்டின் எல்லை 1961இல் பிறந்ததன்று

ஜெர்மனியின் மொட்லராய்ட் சிற்றூரை 1961இல் பெர்லின் சுவர் எழுந்தபோதே சுவர் வைத்துப் பிரித்தார்கள் என்றும், 1990இல் அது மீண்டும் ஒரே ஊராகிவிட்டது என்றும் சொல்லப்படுவதுண்டு. இரண்டுமே தவறு.

ஊரின் நடுவே ஓடும் தன்பாக் ஓடை, 1810ஆம் ஆண்டிலேயே பவேரிய முடியாட்சிக்கும் ரோய்ஸ் சிற்றரசுக்கும் எல்லையாக வகுக்கப்பட்டு, அதன் ஓரத்தில் எல்லைக் கற்களும் நடப்பட்டன. ஆயினும் அந்தக் கோடு அன்றாட வாழ்க்கையைத் தடுக்கவில்லை. பள்ளிக்கூடமும் உணவு விடுதியும் பழைய ரோய்ஸ் பகுதியான துரிங்கியப் பக்கத்தில் இருக்க, தேவாலயத்துக்கு மக்கள் பவேரியாவின் ட்யோப்பன் ஊருக்குச் சென்றுவந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் துரிங்கியா கிழக்கு ஜெர்மனியிலும் பவேரியா மேற்கு ஜெர்மனியிலும் அமைந்தன. கிழக்கு ஜெர்மனி அரசு 1952இல் மரவேலி அமைத்தபோதுதான், ஏறத்தாழ ஐம்பது பேரே வாழும் இந்த ஊரில் உறவினர் ஒருவரையொருவர் சந்திக்க முடியாத நிலை வந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. சுமார் 700 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் சுவர், பெர்லினுக்கு ஐந்து ஆண்டுகள் பின்னால், 1966இல்தான் எழுந்தது. அமெரிக்கப் படையினர் இவ்வூரைக் ‘குட்டி பெர்லின்’ என்று அழைத்ததே இந்தக் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

1989 டிசம்பர் 9 அன்று நடந்துசெல்வோருக்கு வழி திறக்கப்பட்டது. 1990 ஜூன் 17இல் சுவரின் பெரும்பகுதியை இடிக்கும் பணி தொடங்கியது. சுமார் 100 மீட்டர் மட்டும் அருங்காட்சியகத்தின் பகுதியாக நிற்கிறது. நிர்வாகத்தில் ஊர் இன்றும் இரண்டுதான்: ஒரு பாதி பவேரியாவின் ட்யோப்பனையும், மறுபாதி துரிங்கியாவின் கெஃபெல் நகராட்சியையும் சேர்ந்தவை, அஞ்சல் குறியீடுகளும் தொலைபேசிக் குறியீடுகளும் வெவ்வேறு.