டிராபன்ட் அட்டை காரு இல்லீங்க
மேல ஒருத்தர் டிராபன்ட் (பழைய கிழக்கு ஜெர்மனி காரு) பாடி அட்டைல செஞ்சது, மழைல ஊறிடும், உலகத்துலயே ஸ்லோ காரும் அதான்னு போட்டிருக்காரு. ரெண்டுமே தப்பு ப்ரோ. அந்த பாடி டூரோபிளாஸ்ட்ங்கிற ஒரு வகை பிளாஸ்டிக், பஞ்சுக் கழிவையும் பீனால் ரெசினையும் (ஒரு வகை பிசின்) சேத்து சூடு பண்ணி அச்சுல அழுத்தி எடுக்குறது, அது துருவே பிடிக்காது, உள்ள இருக்குற இரும்புதான் துருப்பிடிக்கும். 601 மாடல் 26 குதிரைசக்தி, டூ ஸ்ட்ரோக், முக்கி முனகி 100 கிமீ தொட்டுரும். 1948ல பாரிஸ்ல காட்டுன சிட்ரோன் 2சிவிங்கிற பிரெஞ்சு காருக்கு வெறும் 9 குதிரைசக்தி, 65 போனாலே பெருசு, அப்போ எது ஸ்லோ? டிராபன்ட்ட திட்டணும்னா அந்த நீலப் புகைக்கு திட்டுங்க, இல்ல பெட்ரோல் எவ்ளோ இருக்குன்னு பாக்க பானெட்ட தூக்கி டேங்க்ல குச்சி விட்டுப் பாக்கணுமே (முக்காவாசி வண்டில மீட்டரே கிடையாது), அதுக்கு திட்டுங்க.