கைப்பக்குவம் பிறப்பில் வருவதன்று

ஞாயிற்றுக்கிழமை சடங்கு வீட்டில் நடந்ததை அங்கிருந்தவர்கள் அறிவீர்கள். முழுக்கதையையும் திரும்ப எழுதப் போவதில்லை. என் இளைய மகளின் தலையைத் தடவி, “தாய் கையால் சாப்பிடக் கொடுத்து வைக்காத பிள்ளை” என்றார் ஒரு பெரியவர். இரக்கத்தில்தான் சொன்னார் என்று எனக்குச் சமாதானம் சொல்கிறார்கள். அந்த இரக்கம் ஏழு வயதுப் பிள்ளையை என்ன செய்தது என்பதை, அன்றிரவு அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தபோது நான் பார்த்தேன்.

சமையல் கற்றுக்கொள்கிற வேலை. அது பெண்ணின் கையோடு பிறப்பதில்லை. மனைவி குவைத்துக்குப் போனபோது எனக்கு 36 வயது. தேநீர் ஊற்றத் தவிர ஒன்றும் தெரியாது. தேங்காயின் முதற்பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டதில் கறி திரிந்துபோனது. இறக்குவதற்குச் சற்று முன்தான் அதைச் சேர்க்க வேண்டும் என்று பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். கொழும்பு நண்பன் சொன்ன நேரத்துக்குக் கொண்டைக்கடலை அவித்தேன், வேகவில்லை. எங்கள் நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவாதலால் இங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், விறகை எவ்வளவு தள்ளினாலும் அதற்கு மேல் சூடேறாது. தோசை மாவும் இந்தக் குளிரில் எளிதில் புளிக்காது. அடுப்பின் கதகதப்பில் வைக்க வேண்டும். இதையெல்லாம் எந்தப் பெண்ணும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வரவில்லை, யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

கலியாண வீடுகளில் ஆண்கள்தானே கிடாரத்தில் சமைக்கிறார்கள், ஆண் சமைப்பதை யார் குறைவாகப் பார்த்தது என்று கேட்பீர்கள். ஊருக்கு ஒரு நாள் சமைப்பவருக்குப் பாராட்டு கிடைக்கிறது. மறுநாள் காலைத் தேநீருக்கு அவரும் மனைவியைத்தான் கூப்பிடுகிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் கஞ்சி காய்ச்சுவதைப் பற்றி நான் பேசுகிறேன். கடையில் வாங்கலாமே என்பவர்கள் தோட்டத்துச் சம்பளத்தில் ஒரு வாரம் வாங்கிப் பார்க்கட்டும்.

என் அம்மா நான்கு மணிக்கு எழுந்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து வைத்துவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவார். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். மாலையில் வந்து மறுபடியும் அடுப்பை ஊதுவார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. ஒரு ரொட்டியைக்கூட நான் தட்டிக் கொடுத்ததில்லை. தாய்ப்பாசம் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் தட்டை நீட்டினோம். கற்றுக்கொண்டிருந்தால் எனக்கு அப்போதே வந்திருக்கும்.

அந்தப் பெரியவரின் சொல் மகளோடு நிற்கவில்லை. என் மனைவியைப் பிள்ளைகளைக் கைவிட்டவளாக்கியது. அவள் வேறொருவர் பிள்ளைகளுக்குச் சமைத்து அனுப்பும் பணத்தில்தான் எங்கள் கூரைத் தகரம் மாறியது. அந்தச் சடங்கு வீட்டில் நாங்கள் எழுதிய மொய்யும் அவள் பணம்தான்.

அன்றிரவும் அழைத்து, பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள். சோறும் பருப்பும் என்றேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. இதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.