சாஸ்தா எந்தக் கோவில்?

வீடு பார்க்கப் போன முதல் நாள் புரோக்கர் என்னிடம் பட்ஜெட்டைக் கேட்கவில்லை. "அண்ணாச்சிக்கு சாஸ்தா எந்தக் கோவில்?" என்றுதான் கேட்டார். திருநெல்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமாக எந்த சாஸ்தாவைக் கும்பிடப் போகிறோம் என்று சொன்னால் பூர்வீக ஊர், தெரு, சொந்தபந்தம் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். நேரடியாகச் சாதியைக் கேட்பது நாகரிகமில்லையாம். அதனால் சாமியை இழுத்துக்கொள்கிறோம்.

நான் கோவிலைச் சொல்லவில்லை. 35 லட்சத்துக்குள் ரெண்டு பெட்ரூம் வேண்டும், மனைவி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ், நைட் டூட்டி முடிந்து சீக்கிரம் வீடு வந்து சேர வேண்டும் என்றேன். பெருமாள்புரத்திலும் மகாராஜநகரிலும் காட்டினார். எங்கள் அளவு வீட்டுக்கு 45க்குக் கீழே யாரும் வாயே திறக்கவில்லை. கடைசியில், குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைத் தாண்டி மேலப்பாளையம் போகிற பக்கம் ஒரு அடுக்குமாடி இருப்பதாக நானே கேள்விப்பட்டுச் சொன்னேன். 34 லட்சம். புரோக்கர் முகம் சுருங்கிவிட்டது. "அங்க எதுக்கு அண்ணாச்சி? எல்லா ஆளுகளும் கலந்துல்லா கெடக்காவ."

இந்தப் பதிவே அந்த ஒரு வரிக்காகத்தான். 11 லட்சம் வித்தியாசத்தில் கொஞ்சம் ரயில்வே கேட்டுக்குப் போகும். கேட் போட்டால் பைக்கை அணைத்துவிட்டு ஒரு டீயே குடிக்கலாம். கொஞ்சம் பாளையங்கால்வாய்க்குப் போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்தால் கொசு அள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் மிச்சம் இருக்கிறதே, அது சிமெண்டுக்கோ கம்பிக்கோ போகிற பணம் இல்லை. பக்கத்து வீட்டில் 'நம்ம ஆளுக' இருக்க வேண்டும் என்பதற்காக ஜனங்கள் கட்டுகிற பணம். அதை இருபது வருஷம் வட்டியோடு கட்டத் தயாராக இருக்கிறார்கள். எனக்கு வசதியும் இல்லை, மனசும் இல்லை.

நானும் ரொம்ப யோக்கியன் கிடையாது. அந்தக் கட்டடத்துக்குப் போனவுடன் வாட்ச்மேனிடம் நான் கேட்டது என்ன தெரியுமா? "யார் யாரெல்லாம் இருக்காங்க?" புரோக்கர் கேட்ட அதே கேள்விதான், சாஸ்தா மட்டும் இல்லை. கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. அப்புறம்தான் உருப்படியான கேள்விக்கு வந்தேன். 2023 டிசம்பர் 17, 18ல் இங்கே தண்ணீர் எதுவரை நின்றது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்த மழை அது. ஜங்ஷனும் கொக்கிரகுளமும் மிதந்ததைப் பார்த்தவர்கள் இதைக் கேட்காமல் வீடு வாங்கக் கூடாது. வாட்ச்மேன் கேட் தூணில் முழங்காலுக்குக் கீழே ஒரு மங்கலான கறையைக் காட்டினார். எதிரே இருந்த பலசரக்குக் கடைக்காரரும் கேட்காமலே அதே உயரத்தைக் கையால் காட்டினார். எங்களுடையது முதல் மாடி. சரி என்று பட்டது.

அடுத்தது அளவு. நோட்டீஸில் 860 சதுர அடி. நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அறை அறையாக அளந்தேன். பில்டரின் ஆள் பின்னாலேயே வந்து, "சார், எல்லா இடத்துலயும் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே கால் வைத்து நடக்கிற இடம் 632. மாடிப்படி, லிப்ட், வராண்டாவில் நம் பங்கு, சுவர் கனம் எல்லாம் சேர்ந்துதான் அந்த 860. சின்ன பெட்ரூமில் கட்டிலைப் போட்டால் பீரோ கதவு பாதிதான் திறக்கும். இன்றும் பாதிதான் திறக்கிறது. நிலத்தில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்று கேட்டதும் அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பத்திரத்தில் அந்த எண் இல்லாமல் டோக்கன் அட்வான்ஸ் தரமாட்டேன் என்று நின்றேன். நாளைக்குக் கட்டடம் பழசாகிப் போனாலும் கையில் நிற்பது அந்த மண் மட்டும்தான். ஒரு வாரம் கழித்து 310 சதுர அடி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மொத்தமே எட்டு வீடு. அது தற்செயல் இல்லை. எட்டு வரைக்கும் கட்டினால் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு கட்டாயம் கிடையாது. அதனால் தாய்ப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம், பிளான் அனுமதி என்று எல்லாவற்றையும் வக்கீலை வைத்து நாமேதான் பார்க்க வேண்டியிருந்தது. புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனை 50 லட்சத்துக்குள் என்றால் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 6 சதவீதம். எங்களுக்கு 2 லட்சத்து 4 ஆயிரம். மனைவியின் வளையல் அதில் போனது.

குடிவந்த பிறகு என்ன? காலண்டர் படம் மாதிரி எல்லா மதமும் கைகோத்து நிற்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சண்டை உண்டு. தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்தது யார், கீழ்வீட்டுக்காரர் லிப்ட்டுக்கு ஏன் பணம் தர வேண்டும், படிக்கட்டில் செருப்பு ஸ்டாண்டு வைக்கலாமா. இரண்டாம் மாடியில் ஒருவர் வாடகைக்கு விடும்போது 'சைவம் மட்டும்' என்று போர்டு மாட்டினார். ஐந்து மாதம் வீடு பூட்டியே கிடந்தது. ஒருநாள் போர்டைக் காணோம். மனசு மாறினாரா, வாடகை போகிறதே என்று கழற்றினாரா தெரியாது. எனக்கு இரண்டாவது காரணமே போதும்.

போன வாரம் அதே புரோக்கர் கூப்பிட்டார். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி விலைக்கு வருகிறதாம், அவரிடம் ஒரு பார்ட்டி இருக்கிறதாம். "அண்ணாச்சி, உங்க அபார்ட்மெண்டுல என்ன மாதிரி ஆளுக இருக்காவ?"

"ஒழுங்கா மெயின்டனன்ஸ் கட்டுறவங்க அஞ்சு வீடு, இழுத்தடிக்கிறவங்க மூணு வீடு" என்றேன்.